மிதிக்கு அடியில் ஒரு பெயர்: மால்கம் லாக்ஹீட்

லாக்ஹீட் என்றதும் நம்மில் பலருக்குப் போர் விமானம்தான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெயரை நான் முதன்முதலாகக் கையால் தொட்டுப் பார்த்தது சிரம்பான் லோபாக்கில், எங்கள் வீட்டு முன்வாசலில், தாத்தாவின் பழைய மோரிஸ் மைனர் காரின் தரைக்கடியில்.

தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். தோட்ட வேலையில் இருந்தபோதே அந்தக் காரைக் கைமாற்றி வாங்கினார். தோட்டத்தை விட்டு லோபாக்கில் குடியேறியபோது வீட்டுச் சாமான்களில் பாதியை உறவினர்களுக்குக் கொடுத்துவிட்டார். காரை மட்டும் விடவில்லை. அறுபது வயதைத் தாண்டிய அந்தக் காரில் எந்தப் பாகத்தையும் மாற்றக்கூடாது, செய்தவன் எப்படிச் செய்தானோ அப்படியே இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

கடந்த ஆண்டு இறுதி விடுமுறையில் ஒரு நாள், பாட்டியை முன்னிருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு சரிவில் இறங்கினோம். தாத்தா பிரேக்கை மிதித்தார். மிதி எந்தத் தடையும் இல்லாமல் தரைவரை போய்விட்டது. அவர் பதறாமல் கைப்பிரேக்கை இழுத்தார். கார் உறுமிக்கொண்டே போய், சாலையோரப் புல்லில் ஏறி நின்றது. யாருக்கும் அடி இல்லை. பாட்டியின் கை மட்டும் வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

தவறு முழுக்க எங்களுடையது. பிரேக் எண்ணெயை மாற்றிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மாஸ்டர் சிலிண்டருக்குள் இருந்த ரப்பர் தேய்ந்துபோயிருந்தது. வொர்க்‌ஷாப்பில் அதை 'மாஸ்டர் பம்ப்' என்பார்கள். புது ரப்பர் போட்டால் கார் மீண்டும் ஓடும் என்றார் பொமன். ஆனால் பழைய பம்பை எடுத்துவிட்டு, இரட்டை அறை கொண்ட புதிய பம்பைப் பூட்டுவதே பாதுகாப்பு என்றும் சொன்னார். தாத்தா முடியாது என்றார். பாட்டி இனி அந்தக் காரில் ஏறப்போவதில்லை என்றார். இயந்திரவியல் படிக்கும் பேரன் என்பதால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது.

கழற்றிய பம்பை மண்ணெண்ணெயில் கழுவினேன். அழுக்கு போனதும் இரும்பில் அந்தப் பெயர் தெரிந்தது. யார் இந்த மனிதர் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். எங்கள் வீட்டு வழக்குக்கு அவருடைய வாழ்க்கையிலேயே தீர்ப்பு இருந்தது.

தாயிடம் படித்த பிள்ளைகள்

மால்கம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 1880களின் பின்பாதியில் பிறந்தவர். தாயார் ஃபுளோரா ஓர் எழுத்தாளர், பத்திரிகையாளர். கணவரைப் பிரிந்து, எழுதியும் சிறு பண்ணையைப் பார்த்துக்கொண்டும் பிள்ளைகளை வளர்த்தார். மால்கமுக்கும் தம்பி ஆலனுக்கும் முறையான பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. வீட்டில் தாயார்தான் அவர்களுக்கு ஆசிரியை. விக்டர் என்ற மூத்த சகோதரர் வானூர்திகளைப் பற்றியும் கார்களைப் பற்றியும் நூல்கள் எழுதியவர். புத்தகமும் இயந்திரமும் ஒரே கூரையின்கீழ் இருந்த வீடு அது.

பதினேழு வயதை ஒட்டி மால்கம் சான் பிரான்சிஸ்கோ நகருக்குப் போய், 'வைட்' என்ற நீராவிக் கார் நிறுவனத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். அக்காலக் கார்களில் வேகம் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போனது. நிறுத்தும் முறையோ மாட்டு வண்டிக் காலத்தைவிட அதிகம் முன்னேறவில்லை. பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் இருந்தது. காலால் மிதித்தால், இரும்புத் தண்டுகளும் கம்பிகளும் அந்த விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும். ஒரு பக்கக் கம்பி சற்றுத் தளர்ந்திருந்தாலும் மறுபக்கச் சக்கரம் முதலில் பிடித்துக்கொள்ளும். கார் ஒரு பக்கமாக இழுக்கும். மழைச் சாலையில் அது உயிருக்கே ஆபத்து.

பறந்தார்கள், விற்க முடியவில்லை

ஆனால் சகோதரர்கள் இருவரின் கண்களும் முதலில் வானத்தில்தான் இருந்தன. நீரில் இறங்கக்கூடிய ஒரு விமானத்தை ஓய்வு நேரத்தில் தாங்களே கட்டினார்கள். ஒரு வாடகைக் கார் நிறுவன உரிமையாளர் பணம் போட்டார். 'மாடல் ஜி' என்று பெயர் பெற்ற அந்த விமானம் 1913 ஜூன் 15 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் மேல் பறந்தது. தம்பி ஆலன் ஓட்டினார். முதல் சுற்று முடிந்ததும் இறங்கி, அண்ணனையும் ஏற்றிக்கொண்டு மீண்டும் பறந்தார்.

விமானம் பறந்தது, வருமானம் வரவில்லை. பணம் போட்டவர் பின்வாங்கினார். விமானம் கிடங்குக்குப் போனது. சகோதரர்கள் தங்கம் தேடிப் பார்த்தார்கள். அதிலும் கையில் ஒன்றும் தங்கவில்லை. 1915-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் பனாமா-பசிபிக் உலகக் கண்காட்சி நடந்தபோது, விமானத்தை மீட்டு வந்து பொதுமக்களை ஏற்றிப் பறந்தார்கள். ஒருவருக்குக் கட்டணம் 10 டாலர். ஐம்பது நாட்களில் சுமார் 600 பேர் பறந்தார்கள்.

அந்த இலாபத்தில் 1916-ஆம் ஆண்டு சாந்தா பார்பரா நகரில் சொந்த விமான நிறுவனம் தொடங்கினார்கள். ஜாக் நார்த்ரப் என்ற இளைஞர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். பிற்காலத்தில் அவரும் பெயர்பெற்ற விமான வடிவமைப்பாளர் ஆனார். பத்துப் பேர் செல்லக்கூடிய பெரிய விமானம் ஒன்றைக் கட்டினார்கள். பெல்ஜியம் நாட்டு அரசரும் அரசியும் 1919-இல் அதில் பறந்தார்கள். ஆனால் முதல் உலகப்போர் முடிந்ததும், இராணுவம் வைத்திருந்த உபரி விமானங்கள் மிக மலிவாகச் சந்தைக்கு வந்தன. சகோதரர்கள் செய்த புதிய விமானத்தை வாங்க ஆளில்லை. 1921-இல் நிறுவனம் மூடப்பட்டது.

அதற்கு முன்பே மால்கம் வேறு பாதையில் திரும்பிவிட்டார்.

கம்பியை எடுத்துவிட்டுத் திரவம்

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். ஐந்தாம் படிவ இயற்பியலில் நாம் படிக்கும் பாஸ்கல் கோட்பாடு இது. பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். 1795-இலேயே இங்கிலாந்தில் ஜோசப் பிரமா இதே கோட்பாட்டில் அழுத்தும் இயந்திரம் செய்து காப்புரிமை பெற்றார். ஆகவே கோட்பாடு புதிதல்ல. அதை ஓடும் காரின் நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோவதில்தான் சிக்கல் இருந்தது.

மால்கமின் ஏற்பாடு எளிமையானது. பிரேக் மிதியின் முனையில் ஓர் உருளை. அதற்குள் ஒரு பிஸ்டன். இதுவே மாஸ்டர் சிலிண்டர். மிதித்தால் பிஸ்டன் முன்னே போய்த் திரவத்தைத் தள்ளும். அழுத்தம் மெல்லிய குழாய்கள் வழியாக ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சிறு உருளைக்குப் போகும். அங்குள்ள பிஸ்டன்கள் பிரேக் கட்டைகளைத் தள்ளும். கம்பி நீளமா குட்டையா, தளர்ச்சியா இறுக்கமா என்ற தொல்லையே இல்லை. நான்கு சக்கரங்களுக்கும் போகும் அழுத்தம் ஒன்றுதான். இதற்கான காப்புரிமை 1917 டிசம்பரில் அவருக்குக் கிடைத்தது.

1919-இல் அவர் விமான நிறுவனத்தை விட்டு விலகி, கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டுக்குப் போனார். தம்முடைய பிரேக்கை விற்கும் நிறுவனத்தை அங்கே அமைத்தார். பெயரிலும் ஒரு மாற்றம் செய்தார். அவருடைய குடும்பப் பெயரின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒலிப்போடு பொருந்தாதது. படிப்பவர்கள் 'லஃப்ஹெட்' என்றும் 'லாக்ஹெட்' என்றும் வாய்க்கு வந்தபடி அழைத்தார்கள். ஆகவே ஒலிப்புக்கு ஏற்ப எழுத்துகளை மாற்றி, 'லாக்ஹீட்' என்றே நிறுவனத்துக்குப் பெயர் வைத்தார்.

1921-இல் டூசன்பர்க் நிறுவனம் தன் 'மாடல் ஏ' காரில் நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக்கைப் பூட்டியது. பொதுமக்களுக்கு விற்கப்பட்ட கார்களில் இதுவே முதல். அதே ஆண்டு பிரான்சின் லெ மான் நகரில் நடந்த கிராண்ட் பிரி பந்தயத்திலும் ஹைட்ராலிக் பிரேக் பூட்டிய ஒரு டூசன்பர்க் வென்றது. மற்றவர்களைவிடத் தாமதமாக பிரேக் மிதித்தாலும் வளைவில் திரும்ப முடிந்தது அந்தக் காருக்குப் பெரிய பலம்.

ஒழுகிய தோல், அடைத்த ரப்பர்

ஆனால் டூசன்பர்க் செல்வந்தர்களின் கார். சாதாரண மக்களின் காருக்குள் இந்த பிரேக் நுழைய ஒரு தடை இருந்தது. அது ஒழுகியது. பிஸ்டனைச் சுற்றி அடைப்பாக வைத்த தோல் காய்ந்து சுருங்கும், திரவம் கசியும். அழுத்தத்தைக் கொண்டுபோவது திரவம் என்றால், திரவம் போனால் எல்லாம் போயிற்று.

அப்போது வால்டர் கிரைஸ்லர் தம் பெயரில் புதிய கார் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். லாக்ஹீட் பிரேக் அவருடைய பொறியாளர்களுக்குப் பிடித்திருந்தது, ஒழுகல் பிடிக்கவில்லை. அவர்கள் தோலை எடுத்துவிட்டுக் கிண்ண வடிவ ரப்பரை வைத்தார்கள். கிண்ணத்தின் வாய் அழுத்தம் வரும் பக்கம் பார்த்திருக்கும். அழுத்தம் கூடக்கூட ரப்பரின் விளிம்பு உருளைச் சுவரோடு மேலும் இறுகும். எந்த அழுத்தம் திரவத்தை வெளியே தள்ளப் பார்த்ததோ, அதே அழுத்தமே கதவையும் அடைத்தது.

இங்கேதான் மால்கமின் குணம் தெரிகிறது. காப்புரிமை அவருடையது. பிறர் தம் வடிவமைப்பில் கைவைக்கக்கூடாது என்று அவர் அடம்பிடித்திருக்கலாம். மாறாக, அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். 1924 ஜனவரியில் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்ட முதல் கிரைஸ்லர் காரின் பிரேக், இருவர் பெயரையும் சேர்த்துக் கிரைஸ்லர்-லாக்ஹீட் என்று அழைக்கப்பட்டது. முதல் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 32,000 கார்கள் விற்றன.

பிரிட்டனிலும் லாக்ஹீட் பிரேக் செய்யும் உரிமையை ஒரு நிறுவனம் பெற்றது. அந்த வழியில்தான் 1948 முதல் வெளிவந்த மோரிஸ் மைனரில் அந்தப் பெயர் ஏறி, கப்பலில் மலாயா வந்து, கடைசியில் எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்து சேர்ந்தது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. காலிலிருந்து சக்கரம்வரை இரும்பே போகும் பிரேக்தான் பத்திரம் என்று ஃபோர்டு நிறுவனம் நெடுங்காலம் விளம்பரம் செய்தது. 1939-ஆம் ஆண்டுக் கார்களில்தான் அது ஹைட்ராலிக்குக்கு மாறியது.

பெயர் பறந்தது, ஆள் ஒதுங்கினார்

தம்பி ஆலன் வானத்தை விடவில்லை. 1926-இல் நார்த்ரப்போடு சேர்ந்து மீண்டும் ஒரு விமான நிறுவனம் தொடங்கினார். என்ன பெயர் வைப்பது? அதற்குள் அண்ணனின் பிரேக்கால் 'லாக்ஹீட்' எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஆகியிருந்தது. அதையே வைத்தார். அவர்களுடைய 'வேகா' விமானத்தில்தான் 1932-இல் அமிலியா இயர்ஹார்ட் தனியாக அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தார். இன்று போர் விமானங்களில் நாம் பார்க்கும் பெயரும் அதுவே. விமானத்தில் தோற்றுப் பிரேக்குக்குப் போன அண்ணனின் பெயர், பிரேக்கிலிருந்து மறுபடியும் விமானத்துக்கு ஏறியது.

அதே 1932-இல் மால்கம் தம் பிரேக் நிறுவனத்தை பெண்டிக்ஸ் நிறுவனத்திடம் விற்றுவிட்டார். பிறகு பொதுவாழ்வில் அவர் அதிகம் தென்படவில்லை. கலிபோர்னியாவின் பழைய தங்கச் சுரங்க ஊரான மொக்கலம்னி ஹில்லில் கடைசிக் காலத்தைக் கழித்து, 1958-இல் காலமானார். உலகில் ஓடிய பெரும்பாலான கார்கள் அப்போது அவர் காட்டிய வழியில்தான் நின்றுகொண்டிருந்தன.

அவர் விட்டுச் சென்ற கேள்வி

ஆனாலும் ஃபோர்டு காலத்து எதிர்ப்பாளர்களின் அச்சத்தில் ஓர் உண்மை இருந்தது. எல்லாச் சக்கரங்களும் ஒரே திரவத்தை நம்பியிருக்கும்போது, ஓரிடத்தில் ஒழுகினால் என்ன ஆகும்? நான்கும் ஒன்றாகப் பிடிக்கும் என்பது அதன் பெருமை. நான்கும் ஒன்றாகக் கைவிடும் என்பது அதன் குறை. எங்களுக்கு அந்தச் சரிவில் நடந்தது அதுதான். அன்று எங்களைக் காப்பாற்றியது பின்சக்கரங்களுக்குத் தனியாகப் போகும் கைப்பிரேக் கம்பி. மால்கம் எதைத் தூக்கி எறிந்தாரோ அதே பழைய முறை.

இதற்கான விடை இரட்டை அறை. ஒரே உருளைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன்கள், இரண்டு திரவ அறைகள். ஒன்று முன்சக்கரங்களுக்கு, மற்றது பின்சக்கரங்களுக்கு. ஒரு பக்கம் ஒழுகினாலும் மறுபக்கம் பிடிக்கும். மிதி வழக்கத்தைவிட அதிகம் இறங்கும், கார் நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும், ஆனால் நிற்கும். 1962-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் இந்த ஏற்பாடு வந்தது. 1968 ஜனவரி முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்களுக்குப் பிளவுபட்ட பிரேக் அமைப்பு சட்டப்படி கட்டாயமானது. மால்கம் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

தீர்ப்பு

இவ்வளவையும் தாத்தாவிடம் ஒரு மாலையில் சொன்னேன். செய்தவன் எப்படிச் செய்தானோ அப்படியே இருக்க வேண்டும் என்பவருக்கு, செய்தவரே தம் வேலையை மாற்ற ஒப்புக்கொண்ட கதை அது. எங்கள் பம்பில் தேய்ந்துபோன அந்த ரப்பரே ஒரு திருத்தம்தான். தோலை எடுத்து ரப்பரை வைத்ததை மால்கம் ஏற்றிருக்கும்போது, இரட்டை அறையை மட்டும் மறுத்திருப்பாரா? தாத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு பாட்டியின் பக்கம் பார்த்தார். மறுநாள் காலை பொமனைத் தாமே கூப்பிட்டார்.

புதிய பம்பைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கற்ற ஒன்றை உங்களுக்கும் சொல்ல வேண்டும். பெரிய பம்ப் என்றால் நல்ல பிரேக் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு நேர்மாறானது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. உருளையின் உள்விட்டம் 22.2 மில்லிமீட்டரிலிருந்து 19 மில்லிமீட்டராகக் குறைந்தால், பரப்பு சுமார் 387 சதுர மில்லிமீட்டரிலிருந்து 284 ஆகக் குறையும். அதே மிதிக்கு அழுத்தம் ஏறக்குறைய 36 விழுக்காடு கூடும். ஆனால் அதே அளவு திரவத்தைத் தள்ள, பிஸ்டனும் அதே விகிதத்தில் அதிகத் தூரம் போக வேண்டும். மிதியும் கூடுதலாக இறங்கும். ஒன்றைப் பெற மற்றொன்றைக் கொடுக்க வேண்டும். ஆகவே சக்கரத்தில் இருக்கும் உருளைகளுக்கு ஏற்ற அளவைப் பார்த்துத்தான் பம்பை வாங்க வேண்டும்.

பழைய பம்ப் காரின் தரைக்கடியில், கால்மிதி விரிப்பை எடுத்தால்தான் தெரியும் இடத்தில் இருந்தது. அதனால்தான் நாங்கள் அதை மறந்தே போனோம். புதியதை பானெட்டின்கீழ், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பொமன் பூட்டினார். குழாய்களையும் புதிதாக மாற்றினார். பிறகு நான் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, அவர் ஒவ்வொரு சக்கரமாகக் காற்றை வெளியேற்றினார். திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்று சுருங்கும். ஒரு குமிழி உள்ளே இருந்தாலும் மிதி பஞ்சு போல் அமுங்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி, அதுவும் குமிழியாகும். எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்றச் சொல்வது இதனால்தான்.

நண்பர்களே, நம்மில் பலர் ஒரு பாடத்தில் தோற்றால் அந்தத் துறையே முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். மால்கம் விமானத்தில் தோற்றார், தங்கத்தில் தோற்றார். பட்டறையில் கற்ற தொழில் அவரைக் கைவிடவில்லை. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. தம் வேலையில் இருந்த ஒழுகலைப் பிறர் சுட்டிக்காட்டியபோது, அவர் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அவர் பெயர் இத்தனை கார்களில் ஏறியது.

பழைய பம்ப் இப்போது எங்கள் வீட்டு அலமாரியில், பெயர் தெரியும்படி இருக்கிறது. தாத்தா, தோட்டத்தில் செக்ரோல் எழுதிய அதே கையெழுத்தில், பிரேக் எண்ணெய் மாற்றிய தேதியை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்பதும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. பாட்டி மீண்டும் முன்னிருக்கையில் உட்காருகிறார்.